பண்டைச் சீன மெய்யியலும் அன்றாட வாழ்வும்: லூ சுன்னின் ‘மீளக் கூறிய பழங்கதைகள்’ பற்றிய ஒரு நோக்கு

1

பண்டைய மெய்யியலொன்றை இன்றைய அரசியலுக்கும் அன்றாட வாழ்வுக்கும் பிரயோகிக்கலாமா என்ற வினா பெரும்பாலும் தவறான முறையிலேயே எழுப்பப்படுகின்றது. இன்றைக்கும் பயன்படக்கூடிய கூறுகள் எவை, காலங்கடந்துபோன கூறுகள் எவை என இரு பட்டியல்களைத் தயாரிப்பதோடு விவாதம் முடிந்துவிடுகின்றது. பழைமை போற்றுவோரின் பட்டியலில் முதலாவது நீண்டிருக்கும். புதுமை வேண்டுவோரின் பட்டியலில் இரண்டாவது நீண்டிருக்கும். ஆனால், பிரயோகிப்பவர் யார், அது யாருடைய வாழ்வின்மீது பிரயோகிக்கப்படுகின்றது, அதன் செலவை யார் ஏற்கின்றனர் என்னும் வினாக்கள் இரு சாராராலும் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்களை ஆக்க இலக்கியத்தின் வாயிலாக எழுப்பிய நூலொன்று உண்டு. நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன் (1881–1936) தமது மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1936 ஜனவரியில், வெளியிட்ட ‘மீளக் கூறிய பழங்கதைகள்’ என்னும் தொகுதியே அது. 1922 தொடக்கம் 1935 வரையான காலப்பகுதியில் எழுதப்பட்ட எட்டுக் கதைகள் இதில் அடங்கியுள்ளன. ‘ஆ கியூவின் உண்மைக் கதை’, ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ ஆகியவற்றை ஆர்வத்தோடு வாசித்த முற்போக்கு வாசகர் இத்தொகுதிக்கு உரிய இடத்தை அளிக்கவில்லை என்றே கூறவேண்டும். புராணங்களையும் பண்டைய ஞானியரையும் பாத்திரங்களாகக் கொண்டமையால் இது ஆசிரியரின் போராட்ட எழுத்துக்களிலிருந்து விலகிய ஓய்வுநேர ஆக்கமெனக் கருதப்பட்டிருக்கலாம். உண்மை அதற்கு நேர்மாறானது என்பதே எமது வாதம்.

2

இக்கதைகள் தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். 1905 ஆம் ஆண்டில் பேரரசின் பரீட்சைமுறை ஒழிக்கப்பட்டதோடு, கொன்பூசிய நூற்கல்விக்கும் அரச பதவிக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவந்த நேரடிப் பிணைப்பு அறுந்தது. 1911 ஆம் ஆண்டுப் புரட்சி முடியாட்சியை வீழ்த்தியது. 1919 ஆம் ஆண்டு மே நான்கு இயக்கம் கொன்பூசியத்தைப் பழைய சமூக அமைப்பின் கருத்துநிலைக் காவலனாக இனங்கண்டு தாக்கியது. எனினும் கொன்பூசியஸ் மீண்டும் மீண்டும் அழைத்துவரப்பட்டார். 1914 இல் ஜனாதிபதி யுவான் ஷிகாய் கொன்பூசியஸுக்கான அரச சடங்குகளைப் புதுப்பித்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் தம்மைப் பேரரசராக்கிக்கொள்ள முயன்றார். 1932 இல் யப்பானிய இராணுவம் வடகிழக்குச் சீனாவிலே நிறுவிய மஞ்சுகுவோ என்னும் பொம்மை அரசு ‘அரசநெறி’ என்ற பண்டைக் கோட்பாட்டையே தனது கொள்கையாக முழங்கியது. ஆக்கிரமிப்பாளனுக்கும் அதே ஞானி தேவைப்பட்டார்.

1934 பெப்ரவரி 19 ஆம் திகதி சியாங் கைஷேக் நான்சாங் நகரில் ‘புதுவாழ்வு இயக்கத்தை’ ஆரம்பித்துவைத்தார். மரியாதை, நீதி, நேர்மை, நாண் என்னும் நான்கு பண்டை அறங்களை மக்களின் உணவு, உடை, உறையுள், நடத்தை ஆகியவற்றிலே செயற்படுத்துவது அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் பூட்டுதல், வீதியில் துப்பாதிருத்தல், ஒழுங்காக உண்ணுதல் என்றவாறு விதிகள் வகுக்கப்பட்டன. இவ்வியக்கம் நான்சாங்கில் ஆரம்பமானமை தற்செயலன்று. கியாங்சி மாகாணத்தின் சோவியத் பிரதேசத்தை அழிப்பதற்கான படையெடுப்புக்களின் தலைமையகம் அந்நகரிலேயே இருந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் செஞ்சேனை அப்பிரதேசத்தை விட்டு வெளியேறி நெடும்பயணத்தைத் தொடங்க நேர்ந்தது. நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட விவசாயிகளிடமிருந்து அது மீளப் பறிக்கப்பட்ட அதே வேளையிலேதான் பொத்தான் பூட்டும் ஒழுக்கம் போதிக்கப்பட்டது.

அரசாங்கம் கொன்பூசியஸை எடுத்துக்கொள்ள, எழுத்தாளர் சிலர் தாவோயிசத்தை எடுத்துக்கொண்டனர். 1933 இல் ஷி ஷெசுன் என்னும் எழுத்தாளர் இளைஞர்கள் படிக்கவேண்டிய நூல்களுள் ஒன்றாகச் சுவாங் சூவின் நூலை விதந்துரைத்தார். லூ சுன் அதனை எதிர்த்து எழுதினார். லின் யூதாங் நடத்திய சஞ்சிகைகள் நகைச்சுவையையும் ஓய்வையும் மென்மையான தனிமனித உணர்வுகளையும் போற்றின. ஒரு புறம் ஒழுங்கு, மறு புறம் ஒதுங்கல். ஒன்று ஆள்வோருக்கான மெய்யியல். மற்றையது ஆளப்படுவோருள் சற்று வசதியாக இருந்தோருக்கான மெய்யியல். இவ்விரண்டுக்கும் பதிலாகவே, தொகுதியின் எட்டுக் கதைகளுள் ஐந்து, 1934 ஓகஸ்டிலும் 1935 இன் இறுதி மாதங்களிலும் எழுதப்பட்டன.

3

ஞானியரின் கோட்பாடுகளை லூ சுன் தர்க்கரீதியாக மறுக்க முற்படவில்லை. அவர்களை அன்றாட வாழ்வினுள் கொண்டுவந்து நிறுத்துகிறார். புதுவாழ்வு இயக்கம் மெய்யியலை அன்றாட வாழ்வுக்கு நீதிபதியாக்கியது. லூ சுன்னோ அன்றாட வாழ்வை மெய்யியலுக்கு நீதிபதியாக்கினார். உணவு, உடை, உறையுள் என்னும் அதே மூன்று விடயங்களும் அவர் கதைகளிலும் வருகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

‘எல்லையைக் கடத்தல்’ என்னும் கதையில் லாவோ சூ எருதின்மீதேறி ஹாங்கு கணவாயைக் கடந்துசெல்ல முயல்கிறார். காவல் அதிகாரி அவரைத் தடுத்து விரிவுரை நிகழ்த்துமாறு வேண்டுகிறார். அதிகாரி, காவலர், எழுதுவினைஞர், கணக்கர், சமையற்காரன் ஆகியோர் கேட்போராக அமர்கின்றனர். எவருக்கும் எதுவும் விளங்கவில்லை; கொட்டாவி விடுகின்றனர். எனவே அதனை எழுதித் தரும்படி கேட்கின்றனர். ஒன்றரை நாள் செலவிட்டு எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு பை உப்பும் ஒரு பை எள்ளும் பதினைந்து ரொட்டிகளும் வழங்கப்படுகின்றன. மூத்த எழுத்தாளர் என்பதாலேயே இச்சலுகை என்றும், இளம் எழுத்தாளராயின் பத்து ரொட்டிகள்தாம் கிடைக்கும் என்றும் அவருக்கு விளக்கப்படுகின்றது. அவர் புழுதியில் மறைந்த பின்னர், அந்த நூல் பறிமுதல் செய்யப்பட்ட உப்பும் துணியும் அவரையும் குவிந்துகிடக்கும் அலுமாரித் தட்டிலே வைக்கப்படுகின்றது.

இக்காட்சியில் வெறும் கேலியைக் காண்பது போதாது. எதனையும் செய்யாதிருப்பதன் மூலம் எல்லாவற்றையும் நிறைவேற்றலாம் என்னும் கோட்பாட்டை உரைப்பவர், சுங்கச்சாவடி கடந்து பாலைநிலத்துக்குச் செல்வதற்கு உப்பும் ரொட்டியும் வேண்டியவராக உள்ளார். அவ்வுணவை விளைவித்தவர் எவரும் கதையில் இல்லை. அது அரச அதிகாரம் பறித்தெடுத்த பொருட்களோடு சேர்ந்தே அவரை வந்தடைகின்றது. செயலின்மை என்ற கோட்பாடு பிறர் செயலின்மீது தங்கியுள்ளது. இக்கதை லூ சுன்னின் சொந்த மனச்சோர்வின் வெளிப்பாடெனச் சமகால விமரிசகர் ஒருவர் கருதியபோது அதனை அவர் 1936 இல் எழுதிய கட்டுரையொன்றிலே மறுத்தார். கொன்பூசியஸும் லாவோ சூவும் மென்மையைப் போற்றியவர்களே. எனினும் முன்னவர் அதனைக் கொண்டு முன்னேற முனைந்தார், பின்னவர் பின்வாங்கினார் என அவர் விளக்கினார். லாவோ சூவை வெறும் பேச்சாளராகவே தாம் கணவாய்க்கு வெளியே அனுப்பிவைத்ததாகவும் கூறினார்.

‘இறந்தவனை எழுப்புதல்’ என்னும் ஆக்கம் நாடக வடிவில் அமைந்தது. மன்னனைக் காணச் செல்லும் சுவாங் சூ வழியிலே மண்டையோடொன்றைக் கண்டு, விதித் தெய்வத்தை வேண்டி அதற்கு உயிர் கொடுக்கின்றார். எழுந்து நிற்பவன் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் உறவினரைப் பார்க்கப் புறப்பட்ட கிராமத்தவன். அவன் உடலில் ஒரு துணியும் இல்லை. அவன் தனது உடையையும் மூட்டையையும் குடையையும் கேட்கிறான். சுவாங் சூவோ, உடை இருப்பதும் சரியாகலாம், இல்லாதிருப்பதும் சரியாகலாம் என்று தமது சார்புநிலைத் தத்துவத்தை எடுத்துரைக்கிறார். அவன் விடுவதாக இல்லை. ஈற்றில் ஞானி தமது அங்கியிலிருந்து ஊதுகுழலை எடுத்து ஊதிப் பொலிசை அழைக்கிறார். வந்த பொலிஸ்காரரின் மேலதிகாரி சுவாங் சூவின் நூலைப் போற்றுபவர். எனவே ஞானி விடுவிக்கப்படுகிறார். அவனுக்கு ஓர் ஆடையையேனும் கொடுக்கலாமே எனப் பொலிஸ்காரரே கேட்டபோது, மன்னனைக் காணச் செல்வதால் தம்மால் ஆடையை இழக்க இயலாது எனச் சுவாங் சூ கூறிவிடுகிறார்.

எல்லாப் பொருளும் சமமே என்ற கோட்பாடு உடையணிந்தவனுக்கும் உடையற்றவனுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஆடை பற்றிய அலட்சியத்தைப் போதிப்பவரின் ஆடை அவர் உடலிலேயே இருக்கின்றது. அது கேள்விக்குள்ளாகும் கணத்தில் அரச அதிகாரம் அவருக்குத் துணைவருகின்றது. சார்புநிலைவாதத்தின் வர்க்கப் பண்பை விளக்க எமது விமரிசகர் பலர் நீண்ட கட்டுரைகளை எழுதியுள்ளனர். லூ சுன்னுக்கு ஒரு ஊதுகுழல் போதுமானதாயிற்று.

‘காட்டுக் கீரை பறித்தல்’ என்னும் கதையில் ‘அரசநெறி’ விசாரிக்கப்படுகின்றது. முதியோர் இல்லமொன்றிலே வாழும் பொ யீ, சூ சி என்னும் சகோதரர், தமக்குக் கிடைக்கும் ரொட்டி நாளுக்கு நாள் சிறிதாவதைக் கொண்டே போர் நெருங்குவதை உணர்கின்றனர். அறத்தின் பெயரால் மன்னன் தொடுத்த போரை ஏற்காது அவன் தானியத்தை உண்ண மறுத்து மலையேறிக் காட்டுக் கீரையை உண்கின்றனர். நாடு முழுவதும் மன்னனுக்குரியதெனின் இக்கீரையும் அவனுடையதன்றோ என வீட்டுப் பணிப்பெண்ணொருத்தி கேட்டதும் அவர்களால் அதையும் உண்ண முடியவில்லை. இங்கு லூ சுன் அவர்களைக் கேலி செய்வதோடு அவர்களுக்காக வருந்தவும் செய்கிறார். தனிமனித ஒழுக்கத் தூய்மை உடைமை உறவுகளுக்கு வெளியே ஓரிடத்தைத் தேடுகின்றது. அவ்விடம் எங்கும் இல்லை.

4

இத்தொகுதி பழைமை முழுவதையும் நிராகரிக்கின்றது என எவரேனும் கருதுவாராயின், ‘ஆக்கிரமிப்பை எதிர்த்தல்’ என்ற கதை அக்கருத்தைத் தகர்த்துவிடும். சூ நாடு சுங் நாட்டைத் தாக்குவதற்காகக் குங்சூ பான் என்ற கைவினைஞர் முற்றுகை ஏணிகளைச் செய்துள்ளார் என அறிந்த மோ சூ, அவித்த மாப்பண்டங்களைத் துணியில் முடிந்துகொண்டு, தேய்ந்த வைக்கோற் செருப்போடு நடந்தே செல்கிறார். போகும் வழியில் சுங் நாட்டிலே, மக்கள் வீரத்தோடு இறக்கவேண்டும் என முழங்கும் தமது மாணவனின் பேச்சை அவர் விரும்பவில்லை. இறப்பதாயின் அது மக்களுக்குப் பயன்தரவேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. இன்னொரு மாணவன் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருக்கிறான். அதனையே அவர் நம்புகிறார். சூ மன்னனின் முன்னிலையில் இடைப்பட்டியையும் மரத்துண்டுகளையும் கொண்டு முற்றுகையும் தற்காப்பும் ஒத்திகை பார்க்கப்படுகின்றன. மோ சூ வெல்கிறார், போர் கைவிடப்படுகின்றது.

ஏன் மோ சூ மட்டும் இச்சோதனையில் தேறுகிறார்? அவர் கோட்பாடு தொழிலோடும் கருவிகளோடும் உடலுழைப்போடும் பிணைந்துள்ளது என்பதே காரணம். தம் உணவைத் தாமே சுமந்து செல்பவர் அவர். போர் தீது என்று கூறுவதோடு நில்லாது, மதிலை எவ்வாறு காப்பது என்பதையும் அறிந்திருக்கிறார். 1931 இல் வடகிழக்கு மாகாணங்கள் யப்பானிடம் வீழ்ந்த பின்னர், எதிர்ப்பின்மையைக் கடைப்பிடித்த அரசாங்கம் ஒழுக்கத்தைப் போதித்துக்கொண்டிருந்த நாட்டில் இக்கதை எழுதப்பட்டது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

எனினும் கதை வெற்றியோடு முடிவடையவில்லை. திரும்பும் வழியில், தாம் காப்பாற்றிய சுங் நாட்டின் எல்லையிலே மோ சூ இருமுறை சோதனையிடப்படுகிறார். நாட்டைக் காக்க நிதி திரட்டுவோர் அவருடைய பழந்துணி மூட்டையையும் வாங்கிக்கொள்கின்றனர். மழைக்கு நகரவாயிலில் ஒதுங்கியவரைக் காவலர் துரத்துகின்றனர். பத்து நாட்களுக்கு மேலாக மூக்கடைப்பால் அவதிப்படுகிறார். மழையும் வாயிலும் மூலநூலிலேயே உள்ளவை; நிதி திரட்டுவோர் லூ சுன்னின் சேர்க்கை. நல்ல மெய்யியலும் அதிகார அமைப்பினுள் வந்ததும் எவ்வாறு நடத்தப்படும் என்பதை இச்சேர்க்கை காட்டுகின்றது.

5

இவ்விடத்தில் இரு விமரிசனங்களை நாம் முன்வைக்கவேண்டியுள்ளது.

முதலாவது முறையியல் சார்ந்தது. பண்டைக் காலத்தினுள் பொலிஸையும் ஊதுகுழலையும் புகுத்துவது வரலாற்று நோக்குக்கு முரணானதன்றோ? தமது எழுத்திற் படிந்த விளையாட்டுத்தனத்தை லூ சுன்னே முன்னுரையிற் குறையாக ஒப்புக்கொண்டுள்ளார். ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் காணவேண்டும். சியாங் கைஷேக்கின் இயக்கமும் கால வழுவையே செய்தது. ஆனால் அதனை மறைத்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான அறம் அப்படியே இன்றைய வீதிக்குப் பொருந்துமெனக் கூறியது. லூ சுன்னின் கால வழு தன்னைத் தானே வெளிக்காட்டி நிற்கின்றது. சுவாங் சூவின் கையிலே ஊதுகுழலைக் காணும் வாசகன், தான் பார்ப்பது கி.மு. நான்காம் நூற்றாண்டை அன்று, 1935 ஆம் ஆண்டு ஷங்காயை என்பதை உடனே உணர்கிறான்.

இரண்டாவது விமரிசனம் சற்றுக் கடுமையானது. தாவோயிச மூலங்களுக்கு லூ சுன் முழு நியாயம் வழங்கினாரா? ஆள்வோர் மிகுதியாக வரி உண்பதாலேயே மக்கள் பசித்திருக்கின்றனர் என்ற கருத்து லாவோ சூவின் பெயரால் வழங்கும் நூலில் உண்டு. சூ மன்னன் அளிக்க முன்வந்த பதவியைச் சுவாங் சூ மறுத்த கதை அவர் நூலிலேயே உள்ளது. லூ சுன்னோ அவரை மன்னனைக் காணச் செல்பவராகச் சித்திரிக்கிறார். அதிகாரத்தை மறுத்த குரலும் அம்மரபில் இருந்தமையால் இது பாரபட்சமான சித்திரிப்பே. ஆனால் அவரது இலக்கு கி.மு. நான்காம் நூற்றாண்டு மனிதரன்று. அவரைத் தமது ஓய்வறையின் அலங்காரமாக்கிக்கொண்ட சமகாலத்தவர். அவர்கள் மறுத்தொதுக்கியது பதவியையன்று, பொறுப்பையே. இவ்வாறு விளங்கிக்கொள்வதோடு, அம்மூலங்களில் உள்ள எதிர்ப்புக் கூறுகளை மீட்டெடுக்கும் பணி எஞ்சியிருக்கின்றது என்பதையும் நாம் ஏற்கவேண்டும்.

6

1935 இல் யப்பானியச் சஞ்சிகையொன்றுக்கு எழுதிய கட்டுரையிலே, ஆள்வோருக்குக் கொன்பூசியஸ் கதவைத் தட்டும் கல்லாகவே பயன்பட்டார் எனவும், கதவு திறந்ததும் கல் எறியப்பட்டது எனவும் லூ சுன் விளக்கியிருந்தார். இக்கருத்தின் உண்மையை அவருடைய சொந்தப் புகழே நிரூபிக்கும் என அவர் எண்ணியிருக்கமாட்டார். 1937 ஒக்ரோபரில் யெனானில் நிகழ்த்திய நினைவுரையில் மாவோ சேதுங், கொன்பூசியஸ் நிலமானிய சமூகத்தின் ஞானி என்றும் லூ சுன் நவீன சீனத்தின் ஞானி என்றும் போற்றினார். பாராட்டின் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் ஞானியர் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்தவர் தாமே ஞானியாக்கப்பட்டார்.

1973–74 இல் நடைபெற்ற ‘லின் பியாவோவையும் கொன்பூசியஸையும் விமரிசிப்போம்’ என்னும் இயக்கத்தில் இதன் விளைவைக் காணலாம். பண்டைச் சிந்தனையாளர் அனைவரும் இரு முகாம்களாகப் பிரிக்கப்பட்டனர். கொன்பூசியர் அடிமையுடைமையின் பிரதிநிதிகள் எனவும் சட்டவாதிகள் முற்போக்காளர் எனவும் கூறப்பட்டது. நூல்களை எரித்த சின் பேரரசர் போற்றப்பட்டார். கொன்பூசியஸுக்கு எதிரான லூ சுன்னின் எழுத்துக்களும் துணைக்கு அழைக்கப்பட்டன. ஆனால் விவாதம் பண்டைச் சீனத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. கட்சித் தலைமைக்குள் நிகழ்ந்த போட்டியே பண்டைப் பெயர்களால் நடத்தப்பட்டது. பெயர்கள் இடம் மாறினவே தவிர முறை மாறவில்லை. வர்க்கப் பகுப்பாய்வு என்ற பெயரில் இது நிகழ்ந்தமை மார்க்சியவாதிகளாகிய எமக்கு வேதனை தருவது. அக்காலத்தில் நாம் பிறந்திருக்கவில்லை எனக் கூறி ஒதுங்குவது நேர்மையாகாது. எமது சிந்தனை மரபின் பெயரால் நிகழ்ந்ததை எமது மரபே விமரிசிக்கவேண்டும்.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 2004 இல் முதலாவது கொன்பூசியஸ் நிறுவனம் சியோல் நகரிலே திறக்கப்பட்டது. ‘இணக்கமான சமுதாயம்’ அரச முழக்கமாயிற்று. கொன்பூசியஸின் போதனைகளை மனநிம்மதிக்கான வழிகாட்டியாக எளிமைப்படுத்திய யூ தானின் தொலைக்காட்சி உரைகள் 2006 இல் நூலாகி இலட்சக்கணக்கிலே விற்பனையாயின. 2011 ஜனவரியில் தியனன்மென் சதுக்கத்தின் அருகே, தேசிய அரும்பொருட்சாலையின் முன்னால், கொன்பூசியஸின் 9.5 மீற்றர் உயரமான வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. ஏப்பிரலில் விளக்கம் எதுவுமின்றி அது அங்கிருந்து அகற்றப்பட்டது. வைத்தவர்களும் அகற்றியவர்களும் மக்களைக் கேட்கவில்லை.

‘வெள்ளத்தைத் தடுத்தல்’ என்ற கதையின் முடிவு இங்கு நினைவுக்கு வருகின்றது. வெறுங்காலோடு உழைத்து வெள்ளத்தைக் கட்டுப்படுத்திய யூ தலைநகர் திரும்புகிறார். மக்கள் யாவரும் யூவைப் பின்பற்றவேண்டும், தவறின் குற்றவாளிகளாகக் கருதப்படுவர் என ஆணை பிறக்கின்றது. வணிகர் முதலிற் கலங்குகின்றனர். ஆனால் யூ அரசவைக்கு அழகிய ஆடை அணிந்து வரத் தொடங்கியதும், அவரைப் பின்பற்றுவது நல்லதே என அவர்களும் ஒப்புக்கொள்கின்றனர். உழைப்பிலிருந்து பிறந்த அறம் ஆணையாக மாறும்போது அதிலிருந்து உழைப்பு நீங்கிவிடுகின்றது.

பண்டைய மெய்யியலை இன்றைக்குப் பொருத்துவது ஆகாது என நாம் கூறவில்லை. பொருத்துவோரிடம் லூ சுன்னின் கதைமாந்தர் எழுப்பும் வினாக்களை எழுப்புமாறே வேண்டுகின்றோம். இணக்கத்தைப் போதிப்பவரிடம், ரொட்டி ஏன் சிறிதாகின்றது எனக் கேட்கவேண்டும். பற்றின்மையைப் போதிப்பவரிடம், அவர் அணிந்திருக்கும் ஆடையைப் பற்றிக் கேட்கவேண்டும். முற்போக்கின் பெயரால் ஞானியரை வகைப்படுத்துபவரிடம், அதாவது எம்மிடமும், நாம் எந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் எனக் கேட்கவேண்டும். இக்கேள்விகளுக்கு முகங்கொடுத்து நிற்கும் சிந்தனை எவ்வளவு பழையதாயினும் எமக்கு உரியதே.